கவசக் கயிற்றின் நிறம்: ஆசியப் போர்வீரர் சிற்றுருக்களும் வரலாற்றுச் சான்றும்

டோக்கியோ நகருக்கு மேற்கே, ஓமே மலைப்பகுதியில் மூசாஷி மிதாகே என்றொரு ஷிண்டோ ஆலயம் உண்டு. அங்கே ஒரு பழைய போர்க்கவசம் பாதுகாக்கப்படுகிறது. ஹதகேயாமா ஷிகெதாதா என்ற வீரன் 1191இல் காணிக்கையாகக் கொடுத்தது என்பது ஆலய வழக்கு. சிறு சிறு தகடுகளை வரிசை வரிசையாக அடுக்கி, சிவப்புப் பட்டுக் கயிற்றால் கோத்த கவசம் அது. 1903இல் பழுதுபார்த்தபோது நைந்த கயிறுகளை நீக்கிப் புதிது கோத்தார்கள். புதுக் கயிற்றுக்குத் தோய்த்தது, அப்போதுதான் புழக்கத்துக்கு வந்திருந்த வேதிச் சாயம். இன்று அந்தக் கவசத்தின் முன்னால் நிற்பவருக்கு எது பழசு, எது புதுசு என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் மஞ்சிட்டி இனத்து வேரில் தோய்த்த கயிறு இன்னும் சிவப்பாகவே இருக்கிறது. நூறாண்டுக்கு முன் தோய்த்தது வெளுத்து இளஞ்சிவப்பாகிவிட்டது.

இதே வகைக் கவசம் அணிந்த ஒரு வீரன், விரல் உயரத்தில், சாம்பல் நிற பிரைமர் பூசப்பட்டு என் மேசைமேல் நிற்கிறான். கயிற்றுக்கு என்ன நிறம் குழைப்பது? ஆலயத்தில் இன்று தெரிவதையா, போர்க்களத்தில் அன்று தெரிந்திருக்கக்கூடியதையா? ஆசியப் போர்வீரர் சிற்றுருக்களை வாங்கித் தீட்டும் பொழுதுபோக்கு முழுவதும் இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் இயங்குகிறது. வைக்கும் ஒவ்வொரு நிறமும் வரலாற்றைப் பற்றிய ஒரு கூற்று. அந்தக் கூற்றுக்குச் சான்று என்ன என்பதைத்தான் இக்கட்டுரை நாடு நாடாகப் பார்க்கிறது.

ஈயச் சிப்பாய் வந்த வழி

முதலில் பொருளைத் தெரிந்துகொள்வோம். ஜெர்மனியின் நூரம்பெர்க் நகரத்தில் வெள்ளீயத்தைத் தட்டையாக வார்த்து, இரு பக்கமும் வண்ணம் தீட்டிய சிப்பாய்கள் 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவெங்கும் விற்றன. லண்டனில் வில்லியம் பிரிட்டன் நிறுவனம் 1893இல் ஈயத்தை உள்ளீடற்று வார்க்கும் முறையைக் கொண்டுவந்தது. எடை குறைந்தது, விலையும் குறைந்தது. அந்தப் பெட்டிகளில் ஆசியரும் இருந்தார்கள். வங்காள ஈட்டிப்படை, மதராஸ் குதிரைப்படை, மதராஸ் காலாட்படை என்று பேரரசின் இந்தியப் படையணிகள் வரிசையாக வந்தன. நம் ஊர்ச் சிப்பாய் உலகச் சந்தையில் சிற்றுருவாக நின்றது ஆங்கிலேயச் சிறுவர்களின் விளையாட்டறையில்தான். அவன் அணிந்திருந்தது கம்பெனியும் அரசியும் கொடுத்த சீருடை என்பதால், நிறத்தில் சந்தேகத்துக்கு இடமே இல்லை.

விளையாட்டுப் பொம்மை மெல்ல மெல்லப் பெரியவர்களின் கைவேலையானது. பிள்ளைகளின் பாதுகாப்பு கருதி 1966இல் பிரிட்டன் நிறுவனம் ஈய வார்ப்பை நிறுத்தியது. அதற்குப் பிறகு வண்ணம் பூசாத உலோக உருவை உதிரிப் பாகங்களாக வாங்கி, ஒட்டி, தானே தீட்டும் வழக்கம் வேரூன்றியது. இங்கிலாந்தின் போஸ்ட் மிலித்தேர், இத்தாலியின் பெகாசோ, ஸ்பெயினின் ஆந்த்ரேயா, தென்கொரியாவின் யங் மினியேச்சர்ஸ் ஆகியவை இத்துறையில் எல்லோரும் அறிந்த பெயர்கள். வெள்ளீயக் கலவையின் இடத்தை இப்போது பெரும்பாலும் ரெசின் பிடித்துவிட்டது. மெழுகிலும் பசைக்களிமண்ணிலும் செதுக்கியவர்கள் கணினியில் செதுக்கி முப்பரிமாண அச்சில் எடுக்கிறார்கள்.

அளவு பற்றி ஒரு சொல். 54 மி.மீ. உரு என்றால் ஆளில் ஏறத்தாழ 32இல் ஒரு பங்கு, 75 மி.மீ. என்றால் 24இல் ஒரு பங்கு. போர் விளையாட்டு ஆடுபவர்கள் 28 மி.மீ. உருக்களை நூற்றுக்கணக்கில் அணிவகுக்கிறார்கள். முகத்தை மட்டும் விரும்புகிறவர்களுக்கு மார்பளவு உருக்கள் உண்டு. 54 மி.மீ. வீரனின் கருவிழி அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. கவசக் கயிறு ஒவ்வொன்றும் கால் மில்லிமீட்டர் அகலம். அதில் வெளிச்சம் ஒரு நிறம், நிழல் ஒரு நிறம் வைக்க வேண்டும். இவ்வளவு பாடுபட்டு வைக்கும் நிறம் சரியானதா என்று கேட்காமல் இருக்க முடியுமா?

மண்ணுக்குள் உதிர்ந்த நிறம்

சிற்றுருப் படை ஐரோப்பாவின் கண்டுபிடிப்பு என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் சீனாவின் ஷான்சி மாநிலத்துக்குப் போக வேண்டும். ஷியான்யாங் அருகே யாங்ஜியாவான் என்ற இடத்தில் 1965இல் தோண்டியபோது, ஹான் அரசர் காலத்துக் களிமண் குதிரைவீரர்களும் காலாட்களுமாக இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட உருக்கள் கிடைத்தன. எல்லாம் முழங்கால் உயரம். எல்லாம் வண்ணம் தீட்டியவை. கி.மு. 141இல் இறந்த ஜிங் பேரரசரின் கல்லறையில் கிடைத்தவை ஆளில் மூன்றில் ஒரு பங்கு உயரம். அவற்றுக்கு மரக்கை பொருத்தி, துணியில் உடை தைத்துப் போட்டிருந்தார்கள். மரமும் துணியும் மக்கிப்போக, இன்று அருங்காட்சியகத்தில் கையில்லாத வெற்றுடம்புகளாக நிற்கின்றன.

இவற்றைவிடப் புகழ்பெற்றது ஷியான் அருகே 1974இல் கிணறு தோண்டிய விவசாயிகள் கண்டெடுத்த படை. கி.மு. 210இல் இறந்த சின் பேரரசருக்குக் காவலாக ஏறத்தாழ 8,000 ஆளுயர உருக்கள் புதைக்கப்பட்டிருப்பதாகக் கணக்கு. உலகமே இவர்களை மண் நிறத்தில்தான் அறியும். கடையில் விற்கும் நினைவுப் பொம்மையும் மண் நிறம், அதைப் பார்த்து வார்த்த சிற்றுருவின் பெட்டிப் படமும் மண் நிறம். உண்மை வேறு. சுட்ட களிமண்மேல் மரப்பாலில் எடுத்த மெருகைப் பூசி, அதன்மேல் சாதிலிங்கச் சிவப்பு, மலாக்கைட் பச்சை, அசுரைட் நீலம், எலும்பு வெள்ளை என்று அள்ளித் தீட்டியிருந்தார்கள். பேரியமும் செம்பும் கலந்து செயற்கையாகச் செய்த ஊதா நிறமும் அதில் உண்டு. ‘ஹான் ஊதா’ என்று இப்போது அதற்குப் பெயர். ஈரமண்ணில் இரண்டாயிரம் ஆண்டு தாக்குப்பிடித்த மெருகு, வெளிக்காற்று பட்டதும் சில நிமிடங்களில் சுருண்டு உதிர்ந்தது. நிறமும் அதோடு போனது. பின்னாளில் ஜெர்மானிய நிபுணர்களும் சீனர்களும் சேர்ந்து, தோண்டிய கையோடு பாலிஎத்திலீன் கிளைக்காலில் நனைத்துக் காப்பாற்றும் முறையைக் கண்டார்கள். 1999இல் வெளிவந்த மண்டியிட்ட வில்லாளி ஒருவனுக்கு முகமே பச்சை! ஏன் பச்சை என்பதற்கு உறுதியான விடை இன்னும் இல்லை.

ஆக, சின் படைவீரனை மண் நிறத்தில் தீட்டுகிறவர் தீட்டுவது ஒரு தொல்பொருளை. ஊதாவும் பச்சையுமாகத் தீட்டுகிறவர் தீட்டுவது கி.மு. மூன்றாம் நூற்றாண்டுச் சிலையை. அந்த நிறங்கள் உயிருள்ள சிப்பாயின் உடையில் இருந்தனவா என்பது மூன்றாவது கேள்வி. இதே கல்லறை வளாகத்தில் 1998இல் கல்தகடுகளால் செய்த கவசங்களும் தலைக்கவசங்களும் கிடைத்தன. களிமண் வீரர்கள் தலையில் கவசம் இல்லை என்பதைக் கொண்டு ‘சின் வீரர்கள் தலைக்கவசம் அணிவதில்லை’ என்று முடிவுகட்டியவர்கள் அதைத் திருத்திக்கொள்ள வேண்டியதாயிற்று. சிலை காட்டாததையெல்லாம் இல்லாததென்று கொள்ளக் கூடாது என்பது சிற்றுருக்காரர்களுக்குக் கிடைத்த பாடம்.

பிற்காலச் சீனத்துக்கு வந்தால் வேலை எளிது. மஞ்சூ அரசின் எட்டுக் கொடிப் படைகளுக்கு மஞ்சள், வெள்ளை, சிவப்பு, நீலம் ஆகிய நான்கு நிறங்கள். கரையிட்டவை நான்கு, கரையில்லாதவை நான்கு. பஞ்சு வைத்துத் தைத்த அவர்களின் உடைகள் அருங்காட்சியகங்களில் நிறையவே இருக்கின்றன. ஆனால் அவற்றுள் பல, அணிவகுப்புக்கென்று தைத்தவை. களத்துக்குப் போனவை கிழிந்து காணாமல் போயின.

சாமுராய் ஏன் முன்வரிசையில் நிற்கிறான்

எந்த நிறுவனத்தின் பட்டியலைப் புரட்டினாலும் ஆசியர்களில் முதலிடம் சாமுராய்க்குத்தான். திரைப்படத்தின் கவர்ச்சி ஒரு காரணம். தீட்டுகிறவர்களைக் கேட்டால் வேறு காரணம் சொல்வார்கள்: மெருகிட்ட கறுப்புத் தகடு, பட்டுக் கயிறு, பொன்முலாம், மலர் நெய்த துணி, தோல், உரோமம் என்று எல்லாப் பரப்பும் ஒரே உருவில் கிடைக்கிறது. கைத்திறனைக் காட்ட இதைவிடத் தோதான ஆள் கிடையாது. இன்னொரு காரணமும் உண்டு. சான்று இங்கேதான் அதிகம். கவசங்களைக் கோயிலுக்குக் காணிக்கையாக்கிப் பாதுகாத்த நாடு ஜப்பான். பிரபுக் குடும்பங்களும் தலைமுறை தலைமுறையாகக் கட்டிக் காத்தன. தாதே மசமுனேயின் கருங்கவசம் செண்டாய் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தலைக்கவசத்தின் பிறை வளைவைக்கூட அங்கே அளந்துகொள்ளலாம். ஈ நவோமாசாவின் படை தலை முதல் கால்வரை செந்நிறம் பூண்டது. அந்தக் குலத்தின் செங்கவசங்கள் ஹிகோனே கோட்டை அருங்காட்சியகத்தில் உள்ளன. 1600இல் செகிகஹாரா களத்தில் நின்ற ஒருவனின் நிறத்தை இவ்வளவு உறுதியாகச் சொல்ல முடிவது பெரும் பாக்கியம்.

ஆனாலும் இரண்டு பள்ளங்கள் இருக்கின்றன. ஒன்று, இருப்பவற்றில் பெரும்பாலானவை தலைவர்களின் கவசங்கள். ஈட்டி பிடித்து நடந்த கடைநிலைக் காலாளுக்குக் கொடுத்த இரவல் கவசம் அவ்வளவாக மிஞ்சவில்லை. ஆகவே சந்தையில் தளபதிகள் கூட்டமாக நிற்கிறார்கள். இரண்டு, அச்சோவியங்கள். 19ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த உதாகாவா குனியோஷி, 16ஆம் நூற்றாண்டு வீரர்களை அற்புதமான மர அச்சுப் படங்களாக வெளியிட்டார். முறுக்கிய உடலும் பறக்கும் துணியும் கபுகி மேடையின் உறவினர்கள். அந்தப் படங்களைப் பார்த்துச் செதுக்கிய சிற்றுருவை அப்படியே வரலாறு என்று எடுத்துக்கொண்டால், நாடக மேடையைக் களம் என்று நம்பியதாகும். போருக்கும் படத்துக்கும் நடுவே இருநூறு ஆண்டு இடைவெளி உண்டு.

இனி கயிற்றுக்கு வருவோம். சிவப்புத் தீட்டப் பழகும் ஒவ்வொருவரும் முதலில் செய்யும் பிழை, வெளிச்சம் படும் இடத்துக்குச் சிவப்போடு வெள்ளையைக் கலப்பது. கலந்ததும் அது ரோஜா நிறமாகி, வீரன் மிட்டாய்ப் பொம்மை போல் ஆகிவிடுவான். அடியில் மெரூன், அதன்மேல் சாதிலிங்கச் சிவப்பு, விளிம்பில் ஆரஞ்சு, கடைசியில் மஞ்சள் கலந்த ஒரு மெல்லிய கோடு என்று ஏற்றிக்கொண்டு போவதே முறை. மஞ்சிட்டிச் சிவப்பு இயல்பிலேயே லேசாக ஆரஞ்சை நோக்கிச் சாய்ந்தது என்பதால், இந்த முறையும் அந்தச் சாயமும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகின்றன. குசும்பாப் பூவில் எடுத்த சிவப்போ வேறு சாதி. வெயிலில் சீக்கிரம் வெளுக்கும். எனவே ‘சிவப்புக் கயிறு’ என்று ஓவியத்தில் எழுதியிருந்தால் எந்தச் செடியின் சிவப்பு என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

குதிரையேறி வந்தவர்களும் கடல்காத்தவர்களும்

மங்கோலியருக்குச் சான்று எதிரிகளிடமும் குடிமக்களிடமும் இருக்கிறது. தப்ரீசில் 1314 வாக்கில் எழுதி ஓவியம் தீட்டிய ரஷீதுத்தீனின் உலக வரலாற்று நூல் பாரசீகக் கண்ணால் பார்த்தது. தகேசாகி சுயெநாகா என்ற சாமுராய், 1274, 1281 படையெடுப்புகளில் தான் போரிட்டதைக் காட்ட வரையச் செய்த படச்சுருள் ஜப்பானியக் கண்ணால் பார்த்தது. அந்தச் சுருளில் வெடிக்கும் குண்டுக்கு அருகே வில்லோடு நிற்கும் மூன்று மங்கோலியர் எல்லோருக்கும் பரிச்சயம். எத்தனையோ சிற்றுருக்களுக்கு மூலம் அவர்கள்தான். அந்த மூவரும் பிற்காலத்தில் சேர்த்து வரையப்பட்டவர்கள் என்று ஆய்வாளர் சிலர் வாதிடுகிறார்கள். குண்டைப் பற்றிய ஐயம் மட்டும் தீர்ந்தது: தகாஷிமா தீவருகே கடலடியில் அத்தகைய களிமண் வெடிகுண்டுகளே கிடைத்துவிட்டன.

இத்துறையில் ஒரு புத்தக வரிசையைச் சொல்லாமல் விட முடியாது. இங்கிலாந்தின் ஆஸ்பிரே நிறுவனம் வெளியிடும் மெல்லிய போர்வரலாற்று நூல்களில் ஏங்கஸ் மெக்பிரைட் தீட்டிய வண்ணப் பக்கங்களைப் பார்த்துச் செதுக்கிய, தீட்டிய உருக்கள் ஏராளம். 1980இல் வந்த மங்கோலியர் பற்றிய நூலும் அப்படித்தான். அவை உழைத்துச் செய்த ஓவியங்கள், சந்தேகமில்லை. ஆனால் செருப்பின் நிறத்துக்குச் சான்று இல்லாதபோதும் ஓவியர் ஏதாவது ஒரு நிறம் வைத்துத்தானே ஆக வேண்டும்? சிற்பி அதைப் பின்பற்றுகிறார். பெட்டிப் படம் தீட்டுகிறவர் சிற்பியைப் பின்பற்றுகிறார். வாங்குகிறவர் பெட்டியைப் பின்பற்றுகிறார். நான்காவது கைக்கு வரும்போது ஊகம் உண்மையாகிவிடுகிறது.

கொரியாவில் இதற்கு நல்ல உதாரணம் உண்டு. சோலின் குவாங்வாமுன் வீதியில் 1968இல் நிறுவிய கடற்படைத் தளபதி யி சுன்-சின்னின் சிலை, கவசம் சீனச் சாயல், வாள் ஜப்பானியச் சாயல் என்று பல காலம் விமரிசனத்துக்கு உள்ளானது. அதற்கு நேர்மாறான கதை பூசானில் நடந்தது. 2005இல் சுரங்க ரயில் நிலையத்துக்குத் தோண்டியபோது தொங்னே கோட்டையின் அகழி வெளிப்பட்டது. 1592இல் ஜப்பானியர் அங்கே புகுந்தபோது மாண்டவர்களின் எலும்புகளோடு இரும்புத் தகட்டுக் கவசமும் தலைக்கவசமும் கிடைத்தன. இன்று அந்த ரயில் நிலையத்துக்குள்ளேயே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. கொரியச் சிற்றுரு தீட்டுகிறவருக்கு வீதிச் சிலையைவிட அகழிச் சேறு நம்பகமான ஆசான்.

இந்தியா: படம் உண்டு, உரு குறைவு

இந்தியப் போர்வீரனுக்குச் சான்று பஞ்சமா என்றால், கிடையாது. அக்பர் நாமாவுக்காக 1590களில் தீட்டிய ஓவியங்களில் முகலாயப் படையின் வளையக் கவசம், நாற்புறத் தகடு, கட்டாரி, குதிரைச் சேணம் எல்லாம் பளிச்சென்று தெரியும். லீட்ஸ் நகரின் அரசு ஆயுதக் காட்சியகத்தில் ஒரு போர்யானையின் கவசமே இருக்கிறது. ஆயிரக்கணக்கான தகடுகள் கோத்தது. எஞ்சியிருப்பதன் எடையே 118 கிலோ. அதை இங்கிருந்து கொண்டுபோனவர் மதராஸ் ஆளுநராக இருந்த எட்வர்ட் கிளைவின் மனைவி. சீக்கிய அகாலிகளின் நீல உடையையும், கூர்மாடமாக உயர்ந்து எஃகு வளையங்கள் சூடிய தலைப்பாகையையும் எமிலி ஈடன் நேரில் பார்த்து வரைந்து, 1844இல் அச்சிட்டார். ஜேம்ஸ் ஸ்கின்னர் 1803இல் திரட்டிய குதிரைப்படையின் மஞ்சள் அங்கியை டெல்லி ஓவியர்கள் ஃபிரேசர் சகோதரர்களுக்காக ஆள் ஆளாக, பெயரோடு தீட்டினார்கள்.

இவ்வளவு இருந்தும் பெரிய அளவு உருக்களில் இந்தியர் வரும்போது பெரும்பாலும் ஆங்கிலச் சீருடையில்தான் வருகிறார்கள். பிரிட்டன் நிறுவனத்தின் பெட்டி இன்னும் மூடப்படவில்லை என்றே சொல்லத் தோன்றுகிறது. வாங்குகிறவர்கள் மேற்கே இருந்ததால், தங்கள் பாட்டன் தலைமை தாங்கிய படையையே அவர்கள் தேடினார்கள்.

தென்னிந்தியாவில் பள்ளம் இன்னும் ஆழம். திப்புவின் காலாட்களுக்குப் புலிவரி உடை என்பது சமகாலச் சான்று உள்ள செய்தி. காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் 1780இல் நடந்த போரைத் திப்பு ஸ்ரீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் தீட்டச் செய்தார். இப்போது நாம் பார்ப்பது 19ஆம் நூற்றாண்டில் மீண்டும் தீட்டியது. சுவர் பழசு, நிறம் பிறகு வந்தது. மிதாகே கவசத்தின் கதையேதான். சோழ வீரனுக்கோ கல் உண்டு, நிறம் இல்லை. தஞ்சைப் பெரிய கோயிலின் உட்சுற்றில் 1931இல் வெளிப்பட்ட ஓவியங்கள் அரிய விதிவிலக்கு. செங்கம் வட்டாரத்து நடுகற்களில் வில்லும் வாளும் ஏந்தி நிற்கிறவர்கள் அரையில் கட்டிய துணியும் வெற்று மார்புமாகத்தான் தெரிகிறார்கள். திரைப்படம் அவர்களுக்கு மாட்டிவிடும் தோல் மார்க்கவசம் ரோமாபுரியிலிருந்து வந்த இரவல். வெற்று மார்பைத் தீட்டுவது கவசம் தீட்டுவதைவிடக் கடினம் என்பதும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டியது.

முகம்

அதனால் தோல் நிறம் பற்றியும் பேச வேண்டும். பழைய வழிகாட்டிகளில் ‘கீழைத் தோல்’ என்று ஒரே கலவை; மஞ்சள் தூக்கலாக. சந்தையில் ‘ஆசியத் தோல்’ என்று ஒரே புட்டியில் வண்ணம் விற்பதும் அந்தப் பழக்கத்தின் மிச்சம்தான். ஸ்டெப்பி வெயிலில் காய்ந்த குதிரைவீரனும், கியோட்டோவின் நிழலில் இருந்த பிரபுவும், வன்னியர் தெருவிலோ மறவர் சீமையிலோ பிறந்து மதராஸ் படையில் சேர்ந்தவனும் ஒரே புட்டிக்குள் எப்படி அடங்குவார்கள்? கறுத்த தோலில் வெளிச்சத்தை வெள்ளை கலந்து ஏற்றினால் சாம்பல் பூத்துவிடும். செம்மண் நிறத்தையும் ஆரஞ்சையும் கொண்டு ஏற்றி, நிழலில் ஊதாவோ அவுரி நீலமோ ஒரு சொட்டுக் கலந்தால் உயிர் வரும். கண்ணாடி முன் நின்று தன் புறங்கையைப் பார்த்தாலே தமிழ் வாசகருக்கு இது விளங்கும். நமக்கு இருக்கும் ஒரே அனுகூலம் அது.

பாதகமும் உண்டு. ஒரு நவம்பர் மாதம், நான்கு வாரம் தீட்டி முடித்த உருவின்மேல் பளபளப்பை அடக்கும் வார்னிஷை மழை ஈரத்தில் தெளித்தேன். மறுநாள் காலை வீரன் முழுக்கப் பாலாடை படிந்தது போல் வெளுத்திருந்தான். காற்றின் ஈரத்தை வார்னிஷ் பிடித்துக்கொண்ட கோளாறு அது. மெருகு, ஈரம், காற்று ஆகிய மூன்றும் சேர்ந்தால் சில நிமிடங்களில் நிறம் எப்படிப் போகும் என்பதை ஷியான் பற்றிய புத்தகங்களைவிட அந்தக் காலை எனக்கு நன்றாகப் புரியவைத்தது.

பீடத்துக்கு அடியில்

தொகுத்துப் பார்த்தால் சான்றில் நான்கு படிகள் தெரிகின்றன. மிஞ்சியிருக்கும் பொருள் முதல் படி. அதிலும் பழுதுபார்த்த இடத்தைப் பிரித்தறிய வேண்டும். அக்காலத்துப் படம் இரண்டாவது. அதிலும் பின்னால் சேர்த்ததைப் பிரித்தறிய வேண்டும். பிற்காலப் படமும் சிலையும் மூன்றாவது. ஊகம் நான்காவது. சாமுராய்த் தலைவனின் நிறம் முதல் படியில் நிற்கிறது, ஸ்கின்னரின் குதிரைவீரன் இரண்டாவதில், திப்புவின் போர்ச்சுவர் மூன்றாவதில், சோழக் காலாளின் துணி நிறம் நான்காவதில். உருக்கள் சந்தைக்கு வரும் வரிசையும் ஏறக்குறைய இதுவே. இந்தியா மட்டும் விலக்கு. அங்கே தடையாக இருந்தது வாங்குகிறவரின் ஆர்வமே. அந்தத் தடையை முப்பரிமாண அச்சு உடைக்கக்கூடும். நடுகல்லைப் பார்த்து நம்மவர் ஒருவர் செதுக்கினால், எந்த வெளிநாட்டுப் பட்டியலுக்கும் காத்திருக்க வேண்டாம்.

ஊகம் குற்றமில்லை, அது இல்லாமல் ஒரு உருவையும் தீட்டி முடிக்க முடியாது. அதை ஊகம் என்று குறித்துவைப்பதே முறை. என் மேசைமேல் இருப்பவனுக்கு மெரூனில் தொடங்கி ஆரஞ்சு வரை ஏற்றிய மஞ்சிட்டிச் சிவப்பையே வைத்திருக்கிறேன். இளஞ்சிவப்பு ஓர் இழைகூட இல்லை. பீடத்தைக் கவிழ்த்தால் அடியில் பென்சிலால் எழுதியிருக்கும்: கயிறு – கவசத்தைப் பார்த்து; உள்ளாடைப் பூவேலை – படத்தைப் பார்த்து; செருப்பு வார் – நானாக.